வெளியே வந்த ஆறு பேர்

அன்பு மகளுக்கு,

உன் அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். உன் தம்பி புது வேலையில் ஒட்டிக்கொண்டான், மாடியறைக் கூரை ஒழுகுவதும் நின்றது. அப்பா ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்டாயாம், அது போனில் சொல்கிற விஷயமில்லை. போன மாதம் எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு படிவம் வந்தது, வேலையில் மனநிறைவு உண்டா, மன அழுத்தம் உண்டா என்று நாற்பது கேள்வி. இருபத்தாறு வருஷம் புகை தின்றவனை ஒதுக்கிவிட்டு நேற்று வந்தவனை அதிகாரியாக்கியவர்கள் மனநிறைவை விசாரிக்கிறார்கள், பார். எல்லாம் நலம் என்று நிரப்பி மேசையில் போட்டுவைத்தேன்.

வாசலில் நின்று, நெருப்புக்குள்ளிருந்து வருகிறவர்களைத் தோளில் தட்டி எண்ணுவது என் வேலை. முகமூடிக்குள் முகம் தெரியாது, தோள்தான் கணக்கு. உனக்குச் சைக்கிள் பழக்கிவிட்டானே, என்கூட வேலை பார்த்த குள்ளன், அவன் மரக்கிடங்குத் தீயில் செத்துப்போனதிலிருந்து எனக்கு எப்போதும் ஒரு தோள் கூடுதலாக வருகிறது. அந்தத் தோளில் மட்டும் சூடே இராது. நிலையத்துப் பையன்களிடம் சொன்னால், கண்ணாடிய மாத்துங்கண்ணே என்று சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒன்றைக் கழிக்கப் பழகிவிட்டேன். போன செவ்வாய் மத்தியானம் துணிக்கிடங்கில் தீ, ஆறு பேர் உள்ளே போனார்கள். எண்ணினேன், ஏழு வராமல் சரியாக ஆறு; அவசரத்தில் எந்தத் தோளில் சூடு இல்லை என்று கவனிக்கவில்லை. குள்ளன் ஒருவழியாக என்னை விட்டான் என்று எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே! எல்லாரும் வந்தாச்சு என்று கை காட்டினேன். அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, ஏணி எங்கண்ணே என்றான். ஏணி என்பது எங்கள் நெட்டையனுக்கு வைத்த பெயர். அப்போதுதான் பார்க்கிறேன், எதிரே நின்றது ஐந்து பேர்.

மாடிப்படிக்கடியில் மயங்கிக் கிடந்தவனை இழுத்து வந்தார்கள். உயிர் இருக்கிறது, பேச்சு இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி எனக்குக் கைகூப்பி நன்றி சொன்னாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. படிவத்தில் நிரப்பியதை அடித்துவிட்டு நடந்ததையெல்லாம் அதன் பின்பக்கம் எழுதி அதிகாரியிடமே நீட்டினேன். கேலி செய்வான் என்று காத்திருந்தேன். இனிமே நான் எண்ணுறேன், நீங்க வண்டியில உக்காருங்கண்ணே என்றான். அவனை வெறுக்க இருந்த ஒரே வசதியும் போயிற்று. நேற்றுப் பயிற்சியில் நான்கு பேர் உள்ளே போய் வந்தார்கள். அவன் தட்டி எண்ணி முடித்து, தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினான். என் பக்கம் திரும்பவேயில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. உன் சமையலறைப் புகை மணிக்குப் பேட்டரி மாற்று, மறக்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழவேண்டும்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா