எழுபது டிகிரி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். அம்மா மாத்திரையை விழுங்குகிறாளா, ஒளித்து வைக்கிறாளா?

இங்கே ஆலையில் ஒரு சின்னக் கூத்து. எவர்சில்வர் தொட்டியில் உப்புத் தண்ணீரை நாற்பது டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று யாருக்கும் தெரியாமல் எழுபதில் வைத்துவந்தேன். எவர்சில்வரை என்ன செய்துவிடும் என்ற தெனாவட்டு. வருடக்கணக்காகத் தாங்கிய தகடு, மூன்றே வாரத்தில் ஊசி குத்தியதுபோல் பொத்தல் விட்டு ஒழுகியது.

தொட்டிக்குப் பொறுப்பு, தங்கும் அறையில் என் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் அண்ணன். "சூட்டை யாரு ஏத்துனது?" என்று மேஸ்திரி கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். "குளிருக்கு வெச்சுக்க தம்பி" என்று தன் போர்வையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு போர்வை கொடுத்தனுப்புங்கள். இதுவும் நல்ல கனமான போர்வைதான். போர்த்திக்கொள்ள முடியவில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்