படத்தில் இருப்பது பையன்

வெஸ்ட் வின்ட்சர்
நவம்பர் 14, 2004

அன்புள்ள ஷ்யாமளா,

உன் தீபாவளி வாழ்த்து கிடைத்தது. முறுக்கைப் படம் பிடித்து அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்பாதே.

நான் சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வழிகாட்டியாக நிற்கும் மியூசியத்தில் ஓர் எண்ணெய் ஓவியம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் முகம் வரைந்து பிழைத்த யாரோ ஒருவர் 1822இல் வரைந்தது. கறுப்பு உடையில் தாய். மடியில் வெள்ளைக் கவுனும் பவழ மாலையுமாகக் குழந்தை. 'தாயும் மகளும்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். படத்தைக் கொடுத்த குடும்பம் அப்படிச் சொன்னதாம். யாரும் மறுபடி கேட்கவில்லை.

எனக்கு முதல் நாளே அது பையன் என்று பட்டது. முடி இறக்குவதற்கு முன் பையனுக்குச் சடை பின்னி, பாவாடை கட்டி ஸ்டூடியோவில் நிறுத்துகிறவர்கள் இல்லையா நாம்? என் மகன் அச்சுதனை அப்படி எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. ஆனால் பட்டால் போதாதே. அந்தக் குடும்பம் இருந்த ஊர் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாளுக்கு மகள் பிறந்தது 1825இல். படம் வரைந்தபோது இருந்தது ஒரே மகன்.

"எழுதிக் கொடுங்கள், கோடையில் ஓர் ஆராய்ச்சி வேலை வருகிறது" என்கிறார் மியூசியப் பொறுப்பாளர். இந்த அமெரிக்காவில் இருபத்திரண்டு வருஷமாக என் எம்.ஏ.வை யாரும் கேட்டதில்லை.

அன்புடன்,
அபயா

பிளானோ
டிசம்பர் 2, 2004

ஏய் அபயா,

படித்ததும் துள்ளிக் குதித்தேன்! ஹாஸ்டலில் உன்னைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்வோமே, அது கடைசியில் உதவியிருக்கிறது பார்.

அவசரப்பட்டு மியூசியத்தில் கொடுத்துவிடாதே. அவர்கள் பெயரில் போட்டுக்கொள்வார்கள். கட்டுரையை எழுதி, பதிவேட்டு நகல், அச்சுதன் படம், எல்லாவற்றையும் சேர்த்து எனக்கு அனுப்பு. ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிறேன். பத்தே நாள்.

இங்கே காலேஜில் வேலையை நிரந்தரமாக்குகிற டெனியர் கமிட்டி உயிரை வாங்குகிறது. நாற்பதுக்கு மேல் பிஹெச்.டி. முடித்தவள், ஆறு வருஷத்தில் உருப்படியாக ஒரு கட்டுரை இல்லை என்கிறார்கள். "பேசாம லெகசி ஆபீஸ் பார்க்குகிட்ட ஒரு தோசைக்கடை போடு, ஆபீஸ்காரனெல்லாம் க்யூவுல நிப்பான்" என்கிறார் சேனாபதி. புருஷன் பேசுகிற பேச்சா இது?

உன்
ஷ்யாமு

வெஸ்ட் வின்ட்சர்
ஏப்ரல் 17, 2005

அன்புள்ள ஷ்யாமளா,

நான் அனுப்பிய கட்டுரைக்கு நீ சொன்ன பத்து நாள் நான்கு மாதமாகிவிட்டது. போன் செய்தால் "டோல்வேல கார் ஓட்டிட்டு இருக்கேன்டி, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். எப்போதும் டோல்வேயிலேயே குடியிருக்கிறாயா?

மே பதினைந்துக்குள் நான் மியூசியத்தில் கொடுக்க வேண்டும். "அதுல ஒரு ஓட்டை இருக்கு, அப்படியே குடுத்துடாதே" என்றாயே, எங்கே என்று மட்டுமாவது சொல். அடைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அபயா

வெஸ்ட் வின்ட்சர்
செப்டம்பர் 25, 2005

ஷ்யாமளா,

நேற்று பொறுப்பாளர் ஓர் ஆய்விதழை என் முன்னால் வைத்து, "இது நீங்கள் சொன்னதல்லவா?" என்று கேட்டார். உன் பெயரில் பன்னிரண்டு பக்கம். வாக்கியங்கள் என்னுடையவை. திருத்துவதாகச் சொன்ன ஆங்கிலத்தைக்கூட நீ திருத்தவில்லை.

ஏழாம் பக்கத்தில் அச்சுதன், சடையும் பொட்டுமாக. அடியில் 'ஆசிரியரின் அக்கா மகன்' என்றிருக்கிறது. உனக்கு அக்காவே கிடையாது. அவனிடம் காட்டினேன். "அம்மா, தட்ஸ் மீ. ஒய் டஸ் இட் சே நெஃப்யூ?" என்றான்.

அந்த வேலைக்கு ஜூனிலேயே வேறொருவரை எடுத்துவிட்டார்கள். எல்லாம் உன்னிடம் இருந்ததால், மே பதினைந்தன்று கொடுப்பதற்கு என் கையில் ஒன்றும் இருக்கவில்லை. ஓட்டை இருக்கிறது என்றாய். அச்சில் எங்கும் அதைக் காணோம்.

அபயா

பிளானோ
அக்டோபர் 9, 2005

என் அபயா,

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. திருடி என்று நீ எழுதவில்லை, ஆனால் நினைத்திருக்கிறாய்.

உன் பெயரையும் போடத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஒருவர் பெயரில் வந்தால்தான் கமிட்டியில் எடுபடும் என்றார்கள். நீ எப்படியும் வெளியிட்டிருக்க மாட்டாய். சந்தேகப்பட்டே பத்து வருஷம் ஓட்டியிருப்பாய். உன் வீட்டுக்காரர் சந்தானம் சம்பாதிக்கிறார். சனிக்கிழமை போய் நிற்கிற உனக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு இது பிழைப்பு.

உங்கள் பொறுப்பாளர் இதழாசிரியருக்கு எழுதிவிட்டாராம். உன்னைக் கேட்பார்கள். இருவரும் பேசிப் பேசி உருவானது என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. டிசம்பரில் கமிட்டி கூடுகிறது. முப்பது வருஷச் சிநேகிதம்டி.

ஷ்யாமு

வெஸ்ட் வின்ட்சர்
நவம்பர் 6, 2005

திருமதி ஷ்யாமளா அவர்களுக்கு,

இதழாசிரியரின் கடிதம் செவ்வாயன்று வந்தது. நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதிப் பார்த்தேன். சுலபமாக எழுத வந்தது. அதுதான் பயமாக இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை அரைப் பக்கத்தில் எழுதினேன். சர்ச்சுக்கு நான் போன தேதிகளைக் குறிப்பிட்டேன். உங்களைப் பற்றிக் கடுமையாக ஒரு சொல்லும் இல்லை.

டிசம்பரில் உங்கள் கமிட்டி கூடுவது நினைவில் இருந்தது. நினைவோடுதான் தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். அதற்காக வருந்துகிறேன். திரும்பப் போய் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

இப்படிக்கு,
அபயாம்பாள் சந்தானம்