நாலு தார்ப்பாய்

கடைமடைச் சக்கரவர்த்தியே, பதினோரு ஊர் நெல்லுக்கும் ஏக அதிபதியே,

இன்று காலை கொருக்குப்பேட்டையில் மழை. உங்கள் ஊர் மழை மாதிரி இல்லை. ஐந்து நிமிடம் பெய்து ஐந்து நாளைக்கு நாறுகிற மழை. என் வீட்டு வாசலில் கால் துடைக்கக் கிடக்கும் சாக்கு அதில் நனைந்துவிட்டது. டீ குடிக்க உட்கார்ந்தபோது அதன் வாசம் உள்ளே வந்தது. ஈரச் சணலும் புழுங்கிய நெல்லும் சேர்ந்த வாசம். அந்தச் சாக்கில் நெல் இருந்து எட்டு வருடம் ஆகிறது. சாக்குக்கு இவ்வளவு ஞாபகசக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இன்னா மாமா, இந்தக் கலீஜு சாக்க எப்போதான் தூக்கிக் கடாசுவ?" என்று கேட்டாள் தங்கச்சி மகள் ரோசி.

"அது சாக்கு இல்லடி. பதினோரு நாட்டு ராஜா எனக்கு அனுப்பின பட்டுப் பீதாம்பரம்."

அவள் சாக்கைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனாள். அவளுக்கு ஞானஸ்நானம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் என் வார்த்தை ஒன்றையும் நம்பியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நம்பாதவர்களிடம் எவ்வளவு பெரிதாகவும் பேசலாம், யாருக்கும் சேதமில்லை. என்னை நம்பியவன் நீ ஒருவன்தான். அதனால்தான் உனக்கு இந்த மடல்.

நீ முதல்முதலாகக் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தது ஒரு மார்கழி மாதம். துணிப்பையும், துண்டின் மூலையில் முடிந்த ஒரு பிடி நெல்லுமாக வந்து நின்றாய். நான் மூட்டை அடுக்கின் உச்சியில், நாற்பது லோடுமேன்களுக்கு மேஸ்திரியாக, இந்திரசபையில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இங்க மேஸ்திரி யாருங்க?"

"மேஸ்திரி இன்னாத்துக்கு நைனா? இந்த யார்டுக்கே ராஜா நான்தான். நான் சொன்னாத்தான் எஞ்சினே பெருமூச்சு வுடும். இன்னா வோணும், சொல்லு."

நாற்பது பேரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. ராஜாவைப் பார்த்தவனைப் போலவே கையைக் கூப்பினாய். உன் முடிச்சை அவிழ்த்து ஒரு நெல்லை என்னிடம் நீட்டி, "கடிச்சுப் பாருங்க" என்றாய். கடித்தேன். டக்கென்று சத்தம் வந்தது, பல் ஆடியது.

"யப்பா, இது நெல்லா, தண்டவாளத்து ஜல்லியா?"

"நல்லா காஞ்ச நெல்லு அப்படித்தாங்க சத்தம் போடும்" என்றாய். பிள்ளையின் பரீட்சை மார்க்கைச் சொல்கிற முகம் உனக்கு.

பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உன் கதையைச் சொன்னாய். உங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு காலத்தில் பத்து மூட்டை கொண்டுபோனாலும் ஏற்றிக்கொள்வார்கள். இப்போது ஒரு முழு சரக்கு ரயிலை நிரப்பினால்தான் ரயில் வரும். பத்து மூட்டைக்காரன் எங்கே போவான்? அறுப்புச் சமயத்தில் லாரி கிடைக்காது. கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் வெட்டவெளியில் வாரக்கணக்கில் கிடக்கும். களத்துமேட்டுக்கே வந்து நிற்கிற வியாபாரிக்கு இதெல்லாம் தெரியும். நெல்லை நீங்கள் நகர்த்த முடியாது என்பது தெரிந்துதான் அவன் விலை சொல்ல வாயைத் திறப்பான்.

"நெல்லுக்குக் கால் இல்லாததுதாங்க எங்க கஷ்டம் எல்லாம்" என்றாய்.

அதனால் நீ பதினோரு ஊரைச் சேர்க்கக் கிளம்பியிருந்தாய். எல்லோர் நெல்லையும் சேர்த்து ஒரு முழு ரயில். கொருக்குப்பேட்டை வரை ரயிலில், இங்கிருந்து லாரியில் செங்குன்றம் அரிசி ஆலைக்கு. ஆலைக்காரரிடம் பேசி முடித்துவிட்டாய். இறக்குவதற்கு ஆள் வேண்டும், ரயில்வே கொடுக்கிற கெடுவுக்குள் பெட்டிகளைக் காலி பண்ண வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருந்தாய்.

நான் சொன்னேன்: "நைனா, என் பசங்க கொக்கிய எடுத்தா இமயமலையையே இறக்கி மாதவரத்துல வெப்பானுங்க."

நீ ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டாய். இமயமலையை எழுதினாயா என்று அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு உன் போன் வாரத்துக்கு இரண்டு முறை. நாலு ஊர் சரி சொல்லியாச்சு. ஏழு ஊர். ஒரு ஊரில் இரண்டு வகையறாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, உன் நெல்லுக்காகப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். பதினொன்றும் சரி. தை அறுப்பு முடிந்தது, நெல் காய்ந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் நீ கேட்டது ஒரே கேள்வி.

"மேஸ்திரி, அங்க தார்ப்பாய் இருக்குதுங்களா? ஊர்ல எல்லாத்தையும் சேத்து அடுக்கி வச்சிருக்கேன். கொண்டாரவா?"

எங்களிடம் இருந்தது நாலு தார்ப்பாய். நாலும் ஓட்டை. அந்த எண்ணைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் என் நாக்கு அரண்மனையில் வளர்ந்த நாக்கு. "தார்ப்பாயா? வங்காள விரிகுடாவையே இழுத்து மூடுற அளவுக்குக் கீது. நீ வெறுங்கையோட வா" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன்.

நீ வெறுங்கையோடு வந்தாய்.

அந்தக் காலையை எப்படி மறப்பது? ரயிலின் முன்பக்கம் கொருக்குப்பேட்டையில் இருந்தபோது பின்பக்கம் உங்கள் ஊர் ஸ்டேஷனை விட்டே கிளம்பவில்லை என்று இன்றும் சத்தியம் செய்வேன். உன்னோடு ஊருக்கு ஒருவராக வந்திருந்த பதினோரு பேரும் பிளாட்பாரத்தில் கல்யாண வீட்டுக்காரர்களைப் போல நின்றார்கள். ஷெட்டில் பாதிக்குத்தான் கூரை. அந்த இடம் சீக்கிரமே நிரம்பிவிட்டது, மீதியை வெளியே அடுக்கச் சொன்னேன். வெயில் பளபளவென்று இருந்தது. மதியத்துக்குள் முக்கால்வாசி பெட்டி காலி. வெளியே நின்ற அடுக்கைப் பார்த்து நீ, "எங்க ஊர்க் கோயில் மதில் உசரம் வந்துருச்சுங்க" என்றாய்.

அப்போதுதான் தாடிக்காரர் போய்விட்டார் என்று சேதி வந்தது. நாற்பது வருடம் எங்களோடு மூட்டை தூக்கியவர். நெஞ்சுவலி என்று முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம்.

எங்கள் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. கூடத் தூக்கியவன் செத்தால் எல்லோரும் மூட்டை தூக்கும் கொக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும். அவனைப் புதைத்து, வந்து குளிக்கும் வரை ஒரு மூட்டையும் நகராது. வேறு ஆள் வந்து தூக்கவும் கூடாது. சவத்தேர் ஷெட் வாசலில் நின்று போகும். அது சட்டத்தைவிடப் பெரிய விஷயம். நாற்பது கொக்கிகள் தரையில் விழுந்த சத்தத்தை நீயும் கேட்டாய்.

உன்னிடம் சொல்லத் தயங்கினேன். நீயே முந்திக்கொண்டாய். "செத்தவருக்கு மரியாதைதாங்க முதல்ல. நெல்லு எங்க ஓடிரப் போவுது?" தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாய், முகம் பார்த்தறியாத மனிதனுக்காக.

கிளம்பும்போது நீ வடக்கே, எண்ணூர்ப் பக்கம் பார்த்தாய். அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திரை.

"மேஸ்திரி, அது மழை மேகம் மாதிரி தெரியுதுங்களே."

"அது வள்ளூர் பவர் ஹவுஸ் பொகை, நைனா. தெனமும் பாக்குறோம். அதுக்குப் பேர் வெச்சுச் சோறு ஊட்டி வளக்குறதே நாங்கதான்."

"காத்துல ஈரம் இருக்குதுங்க. எதுக்கும் தார்ப்பாயப் போட்டுட்டுப் போயிருவோமே."

"பொகைக்கு எவனாவது தார்ப்பாய் போடுவானா? வா, மேளம் வந்துட்ச்சு."

இதை நான் ஆயிரம் முறை திருப்பிப் பார்த்துவிட்டேன். புகையென்றே உண்மையாக நினைத்தேன். இங்கே பிறந்தவன் எவனும் அந்த மூலையில் எது எழும்பினாலும் புகை என்றுதான் நினைப்பான், பாதி நாள் அது சரியாகவும் இருக்கும். ஆனால் உன்னைப் பார். ஐம்பது வருடம் வானத்தைப் பார்த்துப் பிழைத்தவன். மேகம் உனக்குத் தெரியும். தெரிந்தும், இது இவர் ஊர், இவருக்குத் தெரியாதா என்று உன் கண்ணை நம்பாமல் என் வாயை நம்பினாய். புகை என்று நம்பியது, என்னிடம் நல்ல தார்ப்பாய் இல்லை என்பதை மறைக்கவும் எனக்கு வசதியாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

காசிமேட்டில் தாடிக்காரரைக் குழியில் இறக்கும்போது முதல் துளி உன் கையில் விழுந்தது. நீ அதைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி ஓடி வந்தோம். ஊர்க்காரர்கள் பதினோரு பேரும் நனைந்துகொண்டு மூட்டைகள்மேல் படுத்திருந்தார்கள். வழக்கத்தை மதித்து ஒருவரும் மூட்டையை நகர்த்தவில்லை, உடம்பால் மூடியிருந்தார்கள். உன் ஆட்களில் ஒருவர் என்னிடம் ஓடிவந்து, "தார்ப்பாய் எங்கங்க?" என்றார். நான் நாலையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றை விரித்தார். ஓட்டை வழியாக என் முகத்தைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பக்கத்து மூட்டைமேல் விரித்தாய். திட்டியிருந்தால் அன்றைக்கே சாப்பிட்டிருப்பேன்.

மறுநாள் ஆலைக்காரரின் ஆள் வந்தார். சாக்குக்குள் குத்தூசியை இறக்கி நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வரவில்லை. அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை.

"இது சோறாவாது சார்" என்று துப்பினார். "கோழித் தீவனத்துக்கு வேணா கேட்டுப் பாருங்க."

கூரைக்கடியில் இருந்த நல்ல நெல்லுக்கும், ஒரே ரயிலில் வந்த சரக்கு என்று சொல்லி விலையைக் குறைத்தார். மூன்றாம் நாள் வெளியடுக்கு மூட்டைகளின் தையலில் முளை எட்டிப் பார்த்தது. உன் கோயில் மதில் பச்சையாகிவிட்டது. நீ போகும்போது காலிச் சாக்கு ஒன்றை மடித்து என் கையில் கொடுத்து, "உங்க ஞாபகமா இருக்கட்டுங்க" என்றாய். குத்திக் காட்டினாயா, அன்பாகக் கொடுத்தாயா என்று எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குக் குத்தத் தெரியாது. அதுதான் என் தண்டனை.

போன மாதம் உன் மகள் போன் செய்தாள். பதினாறாம் நாளுக்கு வந்தேன். நீ உயிரோடு இருந்தவரை வராதவன், செத்த பிறகு பெரிய மனிதனாக வந்து இறங்கினேன். ஸ்டேஷனில் சரக்கு ஏற்றும் தண்டவாளத்தின்மேல் கருவேலம் காடாக நிற்கிறது. டீக்கடையில் உன் பெயரைச் சொல்லி வழி கேட்டேன்.

"யாரு, தார்ப்பாய மறந்தவரு வீடுங்களா? நேராப் போயிச் சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க."

உன் வீட்டுக்கு வந்து, அது என்ன பேர் என்று உன் மகளிடம் கேட்டேன்.

"அப்பாதான் சொன்னாங்க. ரயிலேத்துற அவசரத்துல தார்ப்பாய மறந்துட்டேன்னு. அப்புறம் ஊர்ல எந்தப் பொதுக் காரியத்துக்கும் அவங்களக் கூப்பிடல. மறுபடி ரயிலு பேச்ச எடுத்தா எந்திரிச்சுப் போயிருவாங்க எல்லாரும். இப்பவும் களத்துமேட்டு வியாபாரிக்குத்தான் போடுறோம்."

பந்தலில் எழுந்து நின்றேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அளந்து பேசினேன். மறந்தது அவர் இல்லை, கொண்டுவராதே என்று சொன்னவன் நான், பொய் சொன்னவன் நான், என்றேன். பிறகு ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெட்ராஸ்லேருந்து இவ்வளவு தூரம் வந்து பழியத் தன் தலைல போட்டுக்கிறீங்க பாருங்க. பெரிய மனசுங்க. நீங்க எதையும் பெருசாத்தான் பேசுவீங்கன்னு அவரே சொல்லிருக்காரு."

எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு இலை போட்டு இரண்டு முறை பாயசம் ஊற்றினார்கள். உன் மகள் மட்டும் பந்தலோரம் வந்து நின்று கேட்டாள்:

"எத்தனை தார்ப்பாய் இருந்துச்சு மாமா?"

"நாலு. நாலும் ஓட்டை."

அவள் உள்ளே போய்க் காபி கொண்டுவந்தாள். டம்ளரை என் கையில் தரவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அந்த ஊரில் என்னை நம்பியது அவள் ஒருத்திதான்.

உன் சேதி வந்த அன்று என் கொக்கியை எடுத்து வாசலில் அந்தச் சாக்கின் பக்கத்தில் வைத்தேன். நீ யார்டுக்காரன் இல்லை, வழக்கம் உனக்குப் பொருந்தாது என்று பசங்கள் சொன்னார்கள். சொல்லட்டும். இன்னும் எடுக்கவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ரோசி ஈரத்துணி வாளியோடு வந்து கேட்டாள்: "மாமா, அந்தாண்ட இருட்டிகினு வருது. மழையா, வள்ளூர்ப் பொகையா? துணி போடவா வேணாவா?"

வெளியே வந்து எண்ணூர்ப் பக்கம் நெடுநேரம் பார்த்தேன்.

"எனக்குத் தெரிலம்மா" என்றேன்.

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.