முனியம்மா கையில வாள்

ஜூலை 7, திங்கள்

விடியவே மழை. தகரத்துல கல்லக் கொட்டுற மாதிரி சத்தம். ரெக்கோடிங் போச்சு.

செய்ய வேண்டியது: ராட்சச அட்டை கத்தணும். காட்டுப்பன்றி உறுமணும். நிஞ்சா குதிக்கிற சத்தம், அடி வாங்குற சத்தம், வாள் வீசுற மூச்சு. சவுக்காரம். போனுக்கு ரீலோட். அம்மாவோட முட்டிக்குத் தைலம்.

எழுதி வச்சுக்கிறேன், பிறகு நானே நம்ப மாட்டேன். கொழும்புல ஒரு சின்ன கம்பெனி, போன்ல விளையாடுற கேம் ஒன்னு செய்யுது. மலையில யாரோ விஷம் கலந்துட்டாங்க. அந்தத் தண்ணியக் குடிச்ச, ரத்தம் உறிஞ்சுற அட்டை, பன்றி, முள்ளம்பன்றி எல்லாம் வீடு ஒசரத்துக்கு வளந்துருது. நிலான்னு ஒரு நிஞ்சா பொண்ணு, அதுகள வெட்டி வெட்டியே உச்சிக்கு ஏறணும். தமிழ்ல வர்ற குரல் பூரா என்னோடது. குரல வாட்சப்புல அனுப்பச் சொன்னாங்க. அனுப்பினேன், எடுத்துக்கிட்டாங்க. ஹட்டன் டவுன்ல போட்டோகொப்பி மிசின் பக்கத்துல நிக்கிற எனக்கு இந்த யோகம்.

கடைக்குப் போற பஸ்ல ரெண்டு பேரு பேசிக்கிட்டு வந்தாங்க. "இந்த மழைக்கு மனுசன் வீட்டுலதான் இருக்கணும்." "வீட்டுல மட்டும் என்ன, அங்கயும்தான் ஒழுகுது." சிரிச்சுட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில் கொஞ்சம். அம்மா காலைல பேர் குடுக்குற பெரட்டுக்குப் போனதும் கதவச் சாத்தினேன். எல்லாரும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிட்டா லயத்து வரிசை வீடு பூராவும் அமைதி. கட்டில்ல ஏறி கம்பளிய இழுத்துப் போத்தி, உள்ள போன வச்சு, கத்துனேன் பாரு. அட்டை சாகுறது ஒரு விதம், பன்றி சாகுறது ஒரு விதம். தொண்ட கிழிஞ்சு போச்சு.

பக்கத்து காம்பரா பாக்கியம் அக்கா இன்னைக்கு காய்ச்சல்ல வேலைக்குப் போகலன்னு எனக்கு என்ன தெரியும்? கதவ ஒடைக்காத கொறை. தெறந்தா, ஒரு கையில வெளக்கமாறு, ஒரு கையில திருநீறு. என் நெத்தியில பூசிட்டுத்தான் பேச்சே. "யாருடி உள்ள வந்திருக்கிறது, பேரச் சொல்லு"ன்னு என் கண்ணப் பாத்துக் கேக்குது. நான் "அட்டை"ன்னு சொல்லித் தொலைச்சேன். அக்கா ரெண்டடி பின்னால போயிருச்சு.

போனப் போட்டுக் காட்டினேன். பன்றி உறுமுறது நான்தான்னு நம்பவே இல்ல. இதுக்கெல்லாம் ஆளு வச்சு வேலை குடுக்குறாங்களா, கத்துறதுன்னா நான் சும்மாவே கத்துவேனேன்னு கேட்டுட்டுப் போச்சு. உண்மைதான், அக்கா கத்துனா பன்றி ஓடிரும்.

ஜூலை 9, புதன்

சிரிச்சு சிரிச்சு வயித்துவலி. படம் வரையிற நெத்மி சிங்களப் பொண்ணு, தமிழ் வாசிக்கத் தெரியாது. ராட்சசங்க எப்படி இருக்கும்னு நான் தமிழ்ல எழுதிக் குடுத்தத போன்லயே மொழிபெயர்த்துப் பாத்திருக்கா. இன்னைக்குப் படம் வந்துச்சு. மலை ஒசரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி! பிஸ்கட் வர்ற பெட்டி. மூடி தெறந்து, அதுக்குள்ள பல்லு. ஒரு பக்கத்துல பசை டேப் வேற தொங்குது.

கோல் எடுத்து, "நெத்மி, அது பெட்டி இல்ல, கூடெல்லா"ன்னேன், ரத்தம் குடிக்கிற அட்டைக்கு சிங்களத்துல அதான் பேரு. "அனே!"ன்னா. பிறகு ரெண்டு பேரும் பேசவே முடியல, அப்படிச் சிரிப்பு. பெட்டியும் நல்லாத்தான் இருக்கு, எங்கயாவது ஒரு மூலையில ஒளிச்சு வைப்போம்னு சொன்னேன். வைக்கிறேன்னா. நல்ல பொண்ணு.

தைலம் வாங்க மறந்தேன். அம்மா முட்டிய ரெண்டு தடவ தடவிக் காட்டுச்சு.

ஜூலை 10, வியாழன். போயா

பௌர்ணமி லீவு. லயம் முழுக்க ஆளு, ரேடியோ, துணி துவைக்கிற சத்தம். ரெக்கோடிங் முடியாது. பேசுற வசனம் எல்லாம் இன்னைக்குத்தான் வந்துச்சு. அனுப்புனது தர்ஷன் சேர். (அவர்தான் கதை எழுதுறவர், எனக்கு வேலை தர்றவரும். இனி த.சேர்.)

வாசல் திண்ணை இஸ்தோப்புல உக்காந்து வாசிச்சேன். அம்மா பக்கத்துல கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

நிஞ்சா பேசுறது: "அஞ்சாதே பெண்ணே. இவ்வரக்கனை நான் அழிப்பேன்."

சரி, போகட்டும்னு அடுத்த பக்கம் போனேன். அங்க புதுசா ஒரு ஆளு. பேரு முனியம்மா. கொழுந்து எடுக்குறவ. முதுகுல கூடை. ராட்சசனக் கண்டா "ஐயோ சாமி, நான் செத்தேன்!"னு ஓடணும், தடுக்கி விழணும், கூடை உருளணும். ஒவ்வொரு கட்டத்துலயும் விழணும். பக்கத்துல குறிப்பு: தோட்டத்துப் பாஷை, சிரிப்புக்கு.

இன்னொரு தடவ வாசிச்சேன். சிரிப்புக்கு.

காது சூடாயிருச்சு. வாள் புடிக்கிறவ ஏட்டுத் தமிழ் பேசுவா, விழுந்து உருளுறவ எங்க தமிழ் பேசுவாளா? நல்லாருக்குடா உங்க நியாயம்.

அம்மா என்னடி மூஞ்சி இப்படிப் போகுதுன்னு கேட்டுச்சு. ஒன்னுமில்லம்மா, தலைவலின்னேன். வேற என்ன சொல்ல? கூடையோட உருளுறவ நீதாம்மான்னா? அம்மா விழுந்து நான் பாத்ததில்ல. முட்டி வலியோட அந்த ஏத்தத்துல ஏறுது, எறங்குது. அழுக வரல. ஆத்திரம்தான் வந்துச்சு.

ஜூலை 11, வெள்ளி

மூடுபனி. கடையில கூட்டம் இல்ல, சாப்பாட்டு நேரத்துல பின்னால போய் த.சேருக்கு கோல் எடுத்தேன். 

முனியம்மாவ நான் செய்ய மாட்டேன்னேன். அவருக்குப் புரியல. "முனியம்மா உங்களுக்கு ஈசிதானே. நீங்க வீட்டுல பேசுற மாதிரியே பேசினா போதும்." அதத்தான் சேர் நானும் சொல்றேன், நிஞ்சாவ நான் வீட்டுல பேசுற மாதிரியே பேசுறேன்னேன். அதுக்கு நிறைய விளக்கம். வீரம்னா அதுக்கு ஒரு தரமான தமிழ் வேணுமாம். இந்தியாவுல, கனடாவுல எல்லாம் ஆட்கள் விளையாடுவாங்களாம். தோட்டத்துப் பாஷைல நிஞ்சா பேசினா யாரும் பயப்பட மாட்டாங்களாம்.

எங்க கங்காணி அதட்டுறத ஒரு நாள் கேட்டுப் பாருங்கன்னு வாயில வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

அந்த நேரம் பாத்து அவரோட மற்ற போன் அடிக்குது. மியூட் போட மறந்துட்டார். அவரும் மலைநாட்டு ஆளுதான், நுவரெலியா பஜார்ல அவங்க வீட்டுக்குத் துணிக்கடைன்னு கேள்விப்பட்டிருக்கேன், ஆனா இது எதிர்பாக்கல. "இரும்மா, வேலயா இருக்கேன்ல. சாப்புட்டேன், சாப்புட்டேன். அப்பாவ மாத்திரைய போடச் சொல்லு. செத்த நேரத்துல எடுக்குறேன்." அச்சு அசலா எங்க பேச்சு. எங்க லயத்துல வந்து நின்னு பேசுனா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க.

திரும்ப என் பக்கம் வந்து, "மன்னிக்கவும், நாம் எங்கே விட்டோம்?"ங்குறார்.

"இப்ப அம்மாகிட்ட பேசுனீங்களே சேர், அங்கதான் விட்டோம்"னேன். "அது சிரிப்பா? உங்க அம்மா போன் எடுத்தா நீங்க சிரிச்சுட்டா வைக்கிறீங்க?"

  இது என் ஒருத்தன் முடிவு இல்ல, திங்கட்கிழமை ரெண்டு பாத்திரமும் எழுதினபடி வரணும், இல்லாட்டி குரல் குடுக்க கொழும்புல ஒரு பொண்ணு ரெடியா இருக்குன்னார். அந்தக் குரலு கொஞ்சம் எறங்கித்தான் இருந்துச்சு. ஆனா சொன்னது சொன்னதுதான்.

அப்ப வேலை போகுது. போகட்டும்னு சொல்ல வாய் வருது, மனசு வரல. அந்த நிஞ்சாவ எனக்குப் புடிக்கும். கம்பளிக்குள்ள நான் வாள் வீசுனது யாருக்குத் தெரியும்?

ஜூலை 13, ஞாயிறு

ஒரு யோசனை. குளிக்கிறப்ப வந்துச்சு.

எழுதினபடி ரெண்டு பாத்திரம்தானே வேணும்? தாரேன். ரெண்டு தமிழும் இருக்கும். ஆளத்தான் மாத்திப் போடப் போறேன்.

நெத்மிக்கு கோல் எடுத்து எல்லாத்தையும் சிங்களத்துல சொன்னேன். முனியம்மான்னா என்ன அர்த்தம்னு கேட்டா. முனின்னா எங்களுக்கு காவல் சாமி, மலை எல்லையில மரத்தடியில கத்தியோட நிக்கும், அந்தப் பேர வச்சுக்கிட்டு அட்டையக் கண்டு ஓடுவாளா நீயே சொல்லுன்னேன். "முனி"ன்னு ரெண்டு மூணு தடவ சொல்லிப் பாத்தா. நிலாவ விட்டுட்டு நிஞ்சாவுக்கே அந்தப் பேர வைப்போமேன்னா. நானும் அததான் நெனச்சேன்.

பின்னேரம் படம் அனுப்பிட்டா. கொழும்புல இருந்து மலைய ஆராய வந்த ஒரு ஐயா. குடை, கண்ணாடி, பளபளன்னு சப்பாத்து. பேரு கலாநிதி குடை, பெரிய டாக்டர் பட்டக்காரர். அடுத்த படத்துல முனி. முகத்துல கறுப்புத் துணி, முதுகுல வாள். வாளுக்குப் பக்கத்துல கூடையும் மாட்டியிருக்கா, கழட்டவே இல்ல. நான் சொல்லல, அவளாத்தான் வரைஞ்சா. அதப் பாத்துத்தான் அழுதேன்.

ரெக்கோட் பண்ணினேன். லயத்துல ஆளு இருந்தா இருக்கட்டும்.

கலாநிதி குடை: "ஐயகோ! யாரேனும் உதவுங்களேன்! எனது பாதணி கழன்றுவிட்டதே!" செய்தி வாசிக்கிற மாதிரி, ஒரு எழுத்து பிசகாம. ஓடுறப்பவும் இலக்கணம் தவறாம ஓடுறார்.

முனி: "பின்னால நில்லுங்கய்யா. இத நான் பாத்துக்கிறேன்." பிறகு அட்டையப் பாத்து, "எங்க மலைக்கு வந்து எங்க ரத்தமா? எறங்குடா கீழ."

கடைசி வசனத்த ஒரே தடவதான் சொன்னேன். பக்கத்து காம்பராவுல ரேடியோ நின்னு போச்சு. பாக்கியம் அக்கா செவுத்துக்கு அந்தப் பக்கமிருந்து யாருடி அவன், நான் வரவான்னு கேக்குது.

ஜூலை 14, திங்கள்

அனுப்பிட்டேன். கீழ ஒரு வரி: "ரெண்டு பாத்திரம். ரெண்டு தமிழ். இதுதான் என்னால முடியும்."

பதில் இல்ல. கடையில ஒருத்தர் பாஸ்போட்ட போட்டோகொப்பி எடுக்கக் குடுத்தாரு, நான் தலைகீழா எடுத்துக் குடுத்துட்டேன். முதலாளி முறைச்சார். தைலம் வாங்கினேன்.

ஜூலை 15, செவ்வாய்

பத்து மணிக்கு நெத்மி மெசேஜ்: ஒபீஸ்ல எல்லாரும் கேட்டாங்க, கலாநிதி குடைக்கு ஒருத்தன் கதிரையில இருந்து விழுந்து சிரிச்சான், முனி பேசுனப்ப யாரும் சிரிக்கல.

பின்னேரம் த.சேர் கோல் எடுத்தார். ஒத்துக்கிட்டாங்க. நிஞ்சா பேரு முனி. கொழுந்து எடுக்குறவ விழுற காட்சி எல்லாம் வெட்டியாச்சு. நான் தேங்க்ஸ் சொல்லக்கூட மறந்துட்டேன்.

ஆனா ஒன்னு பாக்கி. விளையாடுறவன் தோத்தா முனி கீழ விழுவா, சாகுறப்ப ஒரு வசனம் சொல்லணும், பிறகு மறுபடி எழும்பி வருவா. அது மட்டும் எழுதினபடியே இருக்கட்டுமாம்: "மன்னித்துவிடுங்கள், நான் தோற்றுவிட்டேன்." ஒரு வரிதானே, விட்டுக் குடுங்களேன்னார். யோசிக்கிறேன்னேன்.

என்னத்துக்கு மன்னிப்பு? யாருக்கிட்ட? விழுந்ததுக்கா?

ஜூலை 16, புதன்

மழை விட்டிருக்கு. பின்னால ஓடுற தண்ணிச் சத்தம் மட்டும்.

அம்மா கூடைய மாட்டிக்கிட்டு வாசல்ல எறங்குச்சு. "வாரேன்டி." எப்பவும் அதான். போறேன்னு சொன்னா அம்மாவுக்கு ஆகாது, எங்க யாருக்கும் ஆகாது. சாவு வீட்டுல மட்டும்தான் வாரேன்னு சொல்லாம, திரும்பிப் பாக்காம எறங்கணும். தோள்ல கயித்த சரி பண்ணிக்கிட்டே, முட்டிய ஒரு தட்டு தட்டிட்டு ஏத்தத்துல போயிருச்சு. நான் அங்கயே நின்னேன்.

பிறகு கதவச் சாத்திட்டு கம்பளிக்குள்ள போனேன். முனி அடி வாங்குறா. வாள் கீழ விழுது. முட்டி மடங்குது. மூச்சு வாங்குறா. அந்த அட்டைய நிமிந்து பாத்து, மெதுவா, கத்தாம சொன்னேன்:

"இரு. வாரேன்."

கேட்டுப் பாத்தேன். ஒரே தடவதான். த.சேருக்கு அனுப்பிட்டேன், இதுல ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்னு போட்டு.

கதவத் தெறந்தா பாக்கியம் அக்கா இஸ்தோப்புல நிக்குது, வேலைக்குப் போற கோலத்துல. எல்லாத்தையும் கேட்டிருக்கு. மூஞ்சி சரியில்ல.

"செத்த எடத்துல வாரேன்னு சொல்லலாமாடி? கூடாதுல்ல?"

"அதுக்குத்தான்க்கா சொல்றா"ன்னேன்.