நாற்காலி விற்பவன் நின்றுகொண்டே எழுதியது

மார்ச் 3, செவ்வாய்

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நாற்காலிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளியின் முகத்துக்கு நேராக, உட்கார வைத்தே பிழைப்பு நடத்துகிறோம், ஒருநாள் நமக்கே உட்கார முடியாமல் போகும் என்று சொன்னவன் நான். அவர் காதில் வாங்கவில்லை. இப்போது அந்த ஒருநாள் வந்துவிட்டது. வந்ததும் விலாசம் விசாரித்து நேராக என்னிடம் வந்திருக்கிறது.

மூலம். வேறொன்றும் இல்லை. இன்று காலை கழிப்பறையில் முதன்முதலாக ரத்தம் பார்த்தேன். இன்னொருவனாக இருந்தால் அங்கேயே சாய்ந்திருப்பான். நான் நிதானமாகப் பல் துலக்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் உடம்பு விஷயத்தில் எனக்குத் தெரிந்தது தங்களுக்குத் தெரியாது என்று டாக்டர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குறைந்தது இரண்டு பேர்.

வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அவள் தம்பிக்குப் போகும். அவன் டாக்சி ஓட்டுகிறவன். ஏறி இறங்குகிற சவாரிக்கெல்லாம் என் பின்புறம் பேச்சுத் துணையாகிவிடும்.

மார்ச் 5, வியாழன்

இன்று ஐந்து சோபா விற்றேன். இரண்டு பேர் விலை கேட்டதோடு சரி, இன்னும் இரண்டு பேர் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். ஆனாலும் ஐந்து.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் உட்காருமுன் விற்கிறவன் உட்கார்ந்து காட்ட வேண்டும். இரண்டு தடவை மெத்தையில் எம்ப வேண்டும், கால்மேல் கால் போட வேண்டும், கண்ணை லேசாக மூட வேண்டும். இதில் என்னை அடிக்க ஆளில்லை. இன்று ஓர் அம்மாள், நீங்க முதல்ல உக்காந்து காட்டுங்க என்றார். எம்புவதா, நானா, இந்த நிலைமையிலா?

மெத்தை முதலில் யார் உடம்புக்குப் பழகுகிறதோ அவர்களுக்குத்தான் கடைசிவரை விசுவாசமாக இருக்கும், அதனால்தான் மரியாதையாக நிற்கிறேன் என்றேன். அம்மாள் நெகிழ்ந்துபோய் வாங்கிவிட்டார். முதலாளி தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்ச் 6, வெள்ளி

வாய் என் எதிரி.

முதலாளி கூப்பிட்டு, அந்த மெத்தை விசுவாசம் எங்கே படித்தது என்று கேட்டார். ஓர் ஆராய்ச்சியில் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெளிநாட்டில் பெரிய கடைகளில் ஊழியர் யாருமே உட்காருவதில்லை, விற்பனை இரட்டிப்பாகிறது என்றும் சேர்த்தேன். ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டால் முதலாளிக்குப் பக்தி வந்துவிடும். சாயங்காலத்துக்குள் உத்தரவு போட்டார்: கடையில் வேலை செய்கிற யாரும் உட்காரக் கூடாது. கல்லாவில் இருந்த முக்காலியையும் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்.

கல்லாவில் பணம் வாங்கும் அம்மாவைக் கல்லாக்கா என்போம். முழங்கால் வலிக்காரர். இருநூறு நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒரு மேசையைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த மேசை.

மார்ச் 8, ஞாயிறு

டாக்சி ஓட்டுகிற மச்சான் வந்தான். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தான். தொழில்காரன் கண்ணிலிருந்து அது தப்புமா? தனியாக அழைத்துப் போய் விசாரித்தேன். அரிப்பு, எரிச்சல், இறுகிப்போய் முக்கிய பிறகு சொட்டுச் சொட்டாகப் பளிச்சென்ற சிவப்பு. ஒரு மணி நேரம் அவனுக்கு வகுப்பு எடுத்தேன். தண்ணீர் குடி, கீரையும் பழமும் தின்னு, முக்காதே, கழிப்பறைக்குள் செல்போனோடு குடித்தனம் நடத்தாதே, வெந்நீர்த் தொட்டியில் உட்கார். நான் சொல்லச் சொல்ல எனக்கே மரியாதை வந்தது.

எப்படி மாமா உங்களுக்கு இவ்வளவு தெரியுது என்றான். எல்லாம் எங்கப்பா வழி ரத்தம், கடைசிவரைக்கும் கல்லைக் கொடுத்தாலும் கரைத்துவிடுவார் என்றேன். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி, "தொண்ணூத்தாறு வயசு" என்று எடுத்துக் கொடுத்தாள். நான் மறந்தாலும் அவள் மறக்கமாட்டாள்.

மார்ச் 11, புதன்

இன்றும். கொஞ்சம் கறுத்த மாதிரி தெரிந்தது. கழிப்பறை விளக்கு சரியில்லை. பல்பை மாற்ற வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

மாற்றினேன். பல்பின் மேல் தப்பில்லை.

மார்ச் 14, சனி

மச்சான் என்னைக் கேட்காமலே டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறான். பெண் டாக்டராம். பார்த்துவிட்டு, ஆரம்ப நிலை மூலம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றாராம். தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு நார்ச்சத்துப் பொடி, தடவ ஒரு களிம்பு, வெந்நீர்த் தொட்டி. நான் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறார், காசு வாங்கிக்கொண்டு.

ஆனால் அதற்கு முன்னால் நிறையக் கேள்வி கேட்டாராம். எத்தனை நாளாக, என்ன நிறம், தனியாகச் சொட்டுகிறதா கலந்து வருகிறதா, வழக்கமாகப் போகிற முறை மாறியிருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, வீட்டில் யாருக்காவது குடல் சம்பந்தமாக ஏதாவது உண்டா.

"எல்லாத்துக்கும் இல்லைன்னேன் மாமா. ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு சொல்லியிருந்தா உள்ள கேமரா விட்டுப் பார்க்கணுமாம். எல்லா ரத்தமும் மூலம் இல்லையாம்."

நல்ல டாக்டர்தான், ஆனால் பயமுறுத்துகிறார் என்றேன். அவன் போன பிறகு அந்தக் கேள்விகளுக்கு நான் மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

இடைவாரில் புது ஓட்டை போட்டிருக்கிறேன். நின்றே வேலை செய்தால் தொப்பை கரையும். ஆராய்ச்சி.

மார்ச் 16, திங்கள்

கடையில் ஒரு சின்ன சம்பவம். அலமாரிக் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். கதவு இரண்டாகத் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் கடையிலேயே விலை கூடின சாய்வு நாற்காலியில் நான் கிடக்கிறேன், தலைக்கு மேல் முதலாளி. செய்முறை விளக்கம் என்றேன். அசதியாக விழுகிறவரையும் இந்த நாற்காலி அப்படியே ஏந்திக்கொள்ளும் என்றேன். வாடிக்கையாளர் நம்பினார். கல்லாக்கா நம்பவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"உக்காந்தா வலிக்குதுன்னு நீங்க நிக்கிறீங்க. நின்னா வலிக்குதுன்னு நான் எங்க போய் உக்கார்றது? உங்க மூலத்துக்கு ஆறு பேர் நிக்கிறோம்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாராவது சொல்லணுமா. எங்க வீட்டுக்காரரும் ஒரு வருஷம் இப்படித்தான் நின்னாரு."

"அப்புறம்?"

"டாக்டரைப் பார்த்தாரு. உக்காந்தாரு."

மார்ச் 18, புதன்

டாக்டரிடம் போனேன். மச்சான் சொன்ன அதே பெண் டாக்டர். நோயாளியாகப் போகவில்லை, ஒரு கருத்துப் பரிமாற்றம். என் விளக்கங்களைக் கேட்டு அவர் வாயடைத்துப் போனார். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார் என்றால் பாருங்கள்.

பரிசோதித்துவிட்டு மூலம் இருக்கிறது என்றார். நான்தான் சொன்னேனே. களிம்பு கொடுத்தார். முகம் வெளிறியிருக்கிறது என்று ரத்தமும் எடுக்கச் சொன்னார். அது குழாய்விளக்கின் வெளுப்பு என்று எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை.

வீட்டில் யாருக்காவது — என்று ஆரம்பித்தார். முடிக்க விடவில்லை. அப்பா தொண்ணூற்றாறு, தூக்கத்தில் போனார் என்றேன்.

எத்தனை நாளாக? ஒரு வாரம்.

என்னை எல்லாவற்றையும் பெரிதாக்கிச் சொல்கிறவன் என்பார்கள். இன்று அந்த அறையில் எல்லாவற்றையும் சின்னதாக்கினேன். கறுப்பைச் சிவப்பாக்கினேன். போன மழைக்காலத்திலிருந்து வருவதை ஒரு வாரமாக்கினேன். இந்த நோட்டிலும் மூன்றாம் தேதி முதன்முதலாக என்றுதானே எழுதியிருக்கிறேன். யாரை ஏமாற்ற?

மார்ச் 20, வெள்ளி

டாக்டர் எங்கள் வீட்டு எண்ணுக்கே போன் செய்துவிட்டார். எடுத்தது வீட்டுக்காரி. ரத்தம் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லையாம். ஒரு வாரத்தில் இவ்வளவு குறையாது, உங்க வீட்டுக்காரரைத் திரும்ப வரச் சொல்லுங்க, உண்மையைச் சொல்லச் சொல்லுங்க என்றாராம். என் ரத்தமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது.

அவள் சத்தம் போடவில்லை. சட்டையைக் கழற்றச் சொன்னாள். விலா எலும்பைப் பார்த்தாள். எவ்வளவு நாளா என்று கேட்டாள். சொன்னேன். சட்டையை அவளே மாட்டிவிட்டு, தப்பான பொத்தானில் ஆரம்பித்து, மறுபடி கழற்றி மாட்டினாள்.

அதை மட்டும் அவளிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தொண்ணூற்றாறு இல்லை. ஐம்பத்தொன்று. எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று.

மூலம்தான்டா, வேற ஒண்ணுமில்ல என்றுதான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். தன் துணியைத் தானே துவைத்துக்கொள்வார், யாரையும் தொடவிட மாட்டார். கடைசியில் ஆஸ்பத்திரியில் குடல் என்றார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அவர் போன பிறகு வெளியூரில் வேலைக்குப் போனேன். அங்கே ஒருத்தன் உங்கப்பாவுக்கு எத்தனை வயசு என்று கேட்டான். அறுபத்தைந்து என்று வாயில் வந்தது. கேட்க நன்றாக இருந்தது. அடுத்தவனிடம் எழுபத்திரண்டு. கூடப் பிறந்தவர்கள் யாருமில்லை, மறுத்துப் பேச ஆளில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது தொண்ணூற்றாறுக்கு வந்து சேர்ந்திருந்தார். அவருக்கு என்னால் கொடுக்க முடிந்தது வயசு மட்டும்தான்.

அது இவ்வளவு தூரம் வந்து என் உயிரைப் பிடிக்கும் என்று — இதை மட்டும் நான் முன்பே சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

வீட்டுக்காரியோடு டாக்டரிடம் போனேன். சிங்கம் மாதிரி நுழைந்தேன். நாற்காலியில் வலியைப் பொருட்படுத்தாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, அம்மா, நான் சொன்னது தப்பு, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். மழைக்காலம், கறுப்பு, இடைவார், அப்பா. குரல் நடுங்கவே இல்லை. இப்படி ஒரு மனிதரைப் பார்த்ததில்லை என்று டாக்டர் எழுந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை கேமரா.

மார்ச் 26, வியாழன்

நாளைக்குக் குடல் துடைத்த மேசைபோல இருக்க வேண்டுமாம். அதற்கு ஒரு மருந்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். எலுமிச்சை வாசனை என்று போட்டிருக்கிறது. எலுமிச்சை மானநஷ்டத்துக்குக் கோர்ட்டுக்குப் போகலாம்.

வெளியே மச்சான் காவல். மாமா, போனை உள்ள எடுத்துட்டுப் போகாதீங்க என்று கதவைத் தட்டிச் சொல்கிறான். என் பாடத்தை எனக்கே நடத்துகிறான்.

பயமாக இருக்கிறது. மருந்தைப் பற்றி இல்லை.

மார்ச் 27, வெள்ளி

ஊசி போட்டார்கள், தூங்கினேன், முடிந்துவிட்டது. இவ்வளவுதானா? இதற்கா மழைக்காலத்திலிருந்து ஓடினேன்?

மூலம் இருக்கிறது, ஆனால் அது மட்டும் இல்லை. உள்ளே காளான் மாதிரி ஒரு சதை முளைத்திருந்திருக்கிறது. ரத்தம் அதிலிருந்து. அப்போதே எடுத்துவிட்டார்கள். என்ன வகை என்று சோதனைக்குப் போயிருக்கிறது. பதில் வர நாளாகும்.

வீட்டுக்காரி கஞ்சி கொடுத்தாள். குடித்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

பதில் வரவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

கடைக்குப் போனேன். புது ஆராய்ச்சி வந்திருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன். ஊழியர் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கும் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தவர்கள் வாங்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். அவர் யோசித்தார். முக்காலி கிடங்கிலிருந்து திரும்பி வந்தது. கல்லாக்கா அதன்மேல் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். நன்றி சொல்வார் என்று பார்த்தேன். ரிசல்ட் வந்துச்சா என்றுதான் கேட்டார். இல்லை என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

வந்துவிட்டது. கெட்டதாக மாற ஆரம்பித்திருந்த சதையாம், இன்னும் முழுசாக மாறவில்லையாம். வேரோடு வந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை, மூலத்துக்குப் பொடி, வருகிற வருஷம் மறுபடி கேமரா.

"இன்னும் ஒரு ரெண்டு வருஷம் மூலம்னு சொல்லிட்டே இருந்திருந்தீங்கன்னா நாம வேற பேச்சு பேசிட்டிருப்போம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் மச்சானிடம் என்னுடைய மன உறுதிதான் அந்தச் சதையை மாறவிடாமல் பிடித்து வைத்திருந்தது என்று விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினான். இன்றைக்கு எத்தனை சவாரிக்கு இது போகுமோ. போகட்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன மாதம் இருபத்து மூன்றாம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி நடக்கவில்லை.

சிங்கமெல்லாம் இல்லை. டாக்டரிடம் ஏறுகிற மாடிப்படியில் பாதியிலேயே நின்றேன். உட்கார்ந்துவிட்டேன். ஏன், என்னாச்சு என்று வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கேதான் அவளிடம் சொன்னேன். அப்பா, அந்தத் துணிகள், ஆஸ்பத்திரி. சொல்லும்போது மூக்கு ஒழுகியது. அவள் முந்தானையைத்தான் எடுத்துக்கொண்டேன்.

"தொண்ணூத்தாறுன்னு நான் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

உள்ளே எல்லாம் சொன்னது அவள்தான். மழைக்காலம், கறுப்பு, இடைவார், ஒன்று விடாமல். நான் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எழுந்து நிற்கவில்லை; எழுதிக்கொண்டே இருந்தார். அப்பா இறக்கும்போது என்ன வயசு என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், என்னைப் பார்த்தாள்.

ஐம்பத்தொன்று என்றேன். அது மட்டும் நான் சொன்னது.