சோப்பு வாசம் அடித்த பீர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பேருந்தில் கண்ணில் பட்டதையெல்லாம் படித்துக்கொண்டு வந்தேன். கதவுக்குப் பக்கத்தில் 'இங்கே சாயாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமாக அதன் மேல்தான் சாய்ந்துகொண்டு வந்திருக்கிறேன். சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட மாலை வகுப்பு முடிந்துவிட்டது. தினமும் எழுதினால்தான் கை பழகும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

பெரிய செய்தி இதுதான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் எங்கள் ஹோட்டல் சலவைக்கூடத்து ஆட்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறோம். அங்கே புதிதாக ஒரு பார் திறந்திருக்கிறார்கள். கிராஃப்ட் பீராம். அவர்களே காய்ச்சி, அவர்களே பெயர் வைத்து விற்கிறார்களாம். வேன் டிரைவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். விதவிதமாக இருக்குமாம். அட்டையைப் படித்துப் பார்த்துத்தான் கேட்க வேண்டுமாம்.

படித்துப் பார்த்து! இதுவரை எந்த பாருக்குப் போனாலும் கூட வேலை செய்கிற என் கூட்டாளி கொக்கி எதைக் கேட்கிறானோ அதுதான் எனக்கும். "இவருக்கும் அதே" என்பான். முடிந்தது. இந்த முறை நானே கேட்கப் போகிறேன். வெள்ளிக்கிழமை ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது? கால் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 5, புதன்

வீட்டுக்காரி சொன்னது: "குடிக்கப் போறதை மூணு நாள் முன்னாடியே எழுதி வைக்கிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

மார்ச் 6, வியாழன்

வேலையில் இன்று நல்ல கூத்து. எங்கள் ஹோட்டலின் சமையல்காரர் கோபமாகக் கீழே இறங்கி வந்தார். கையில் குளியல் அங்கி ஒன்று. சமையலறைக்கு வர வேண்டிய துடைக்கும் துணிக்குப் பதிலாக மூட்டை முழுக்க இதுதான் இருந்ததாம். "இதைப் போட்டுக்கிட்டா நான் சமைக்கணும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சூப்பர்வைசர் அம்மா சிரிக்கவில்லை. இந்த மாதத்தில் மூட்டை மாறிப் போவது இது முதல் தடவை இல்லை. இன்னொரு தடவை நடந்தால் மேலே சொல்லிவிடுவேன் என்று பொதுவாகச் சொன்னார். ஆனால் கொக்கியைப் பார்த்துத்தான் சொன்னார்.

மூட்டையில் கட்டியிருக்கும் சீட்டைப் படித்து, எந்த மாடிக்கு எது என்று பிரித்து வண்டியில் ஏற்றுவது அவன் வேலை. இஸ்திரி என்னுடையது. ஆள் நெட்டை, மேலே கொஞ்சம் வளைந்திருப்பான், அதனால் கொக்கி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒன்றாக இருக்கிறோம். பஸ் நம்பர், சம்பளச் சீட்டு, மருந்து பாட்டில் எல்லாம் எனக்கு அவன்தான் படித்துச் சொன்னான். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.

நான் படிக்கக் கற்றதிலிருந்து ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டான். எதற்கெடுத்தாலும் பரீட்சை. இன்றுகூட மூட்டைச் சீட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பண்டிதரே, இதைப் படிங்க பாப்போம்" என்றான். நானும் படிக்கிறேன். படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் — பொறாமையோ? இவனுக்கா? என்னைப் பார்த்தா?

மார்ச் 8, சனி, காலை

நேற்று பார்த்ததை நேற்றே எழுத முடியவில்லை. இப்போதும் பேனா ஓட மாட்டேன் என்கிறது.

பார் நன்றாகத்தான் இருக்கிறது. மணலிலேயே மேசை போட்டிருக்கிறார்கள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் எங்கள் துவைக்கும் மெஷினைவிடப் பெரிய எவர்சில்வர் தொட்டிகள். காற்று மட்டும் பேய்க்காற்று. ருசி பார்க்கிறவர்களுக்கென்று நீளமான மரத்தட்டு ஒன்று தருகிறார்கள். அதில் குழி குழியாக வெட்டி, குழிக்கொரு குட்டி கிளாஸ். ஒவ்வொரு கிளாஸுக்கும் முன்னால் பெயர் எழுதிய சின்ன அட்டை.

எனக்கும் கொக்கிக்கும் சேர்த்து ஒரு தட்டு. என் வாழ்க்கையில் இப்படி ஒரு தட்டு இதற்கு முன் என் முன்னால் வந்ததில்லை. "கோதுமை" என்று படித்தேன். குடித்துப் பார்த்தோம். வாழைப்பழ வாசம் அடித்தது. "கருக்கிய பார்லி" என்று படித்தேன். காப்பிக்கும் தாருக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகப் படித்தேன் என்று நினைக்கிறேன். துணி மடிக்கும் அக்கா கைதட்டினாள்.

அடுத்த அட்டையைக் கொக்கி விரலால் தட்டினான். "படிங்க பாப்போம்."

மறுபடியும் பரீட்சை. எனக்குக் குறும்பு வந்துவிட்டது. அட்டையில் இருந்தது 'எலுமிச்சைத் தோல்'. கொட்டை எழுத்து. நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "துணி சோப்பு" என்று படித்தேன்.

மேசையே சிரித்தது. கொக்கி சிரிக்கவில்லை. கிளாஸை எடுத்தான், மோந்தான், ஒரு வாய் குடித்தான். "ஆமா, சோப்பு வாசம் அடிக்குது. ஆனா இருக்கிறதுலேயே இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லி என் பங்கையும் சேர்த்துக் குடித்தான்.

அசர மாட்டேங்கிறாரே என்று டிரைவர் அவன் முதுகில் தட்டினார். அவன் வேடிக்கை செய்வதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், வேடிக்கை செய்தால் அவன் இடது கண்ணைச் சிமிட்டுவான். சிமிட்டவில்லை. என்னைப் பார்த்தான். என்னை என்றுகூடச் சொல்ல முடியாது, என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தான். "அடுத்தது என்ன?" என்றான்.

பரீட்சை இல்லை. அவனுக்குக் கண் தெரியவில்லை. சீட்டு, குளியல் அங்கி, படிங்க பாப்போம் — எல்லாம் அதுதான். நான் பொறாமை என்று நினைத்தேனே.

அதற்குப் பிறகு குடித்தது எதுவும் நாக்கில் ஏறவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் எங்கே போவது? வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். "தரை தேயுது" என்கிறாள் வீட்டுக்காரி. சூப்பர்வைசர் அம்மாவிடம் சொன்னால் அவனுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் அடுத்த மூட்டையில் போகும். அவனிடமே கேட்டால்? அவன் போய்விடுவான்.

மார்ச் 10, திங்கள்

கேட்டுவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில், பாய்லருக்குப் பின்னால். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "உனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. டாக்டர்கிட்ட போகலாம், வா" என்றேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லவில்லை.

டிபன் டப்பாவை மூடினான். "நாலு எழுத்து வந்ததும் டாக்டராயிட்டீங்களோ?"

பிறகு அவனே சொன்னான். "எங்க அண்ணன் கண்ணு ஆபரேஷன்லதான் போச்சு. நீயும்தானே கூட இருந்த? இருக்கிறதை வெச்சு நான் ஓட்டிக்கிறேன். உன் வேலையைப் பாரு."

போய்விட்டான். சாப்பாட்டில் பாதி அப்படியே இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பேருந்தில் முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டான். நான் 'இங்கே சாயாதீர்கள்' மேல் சாய்ந்துகொண்டே வந்தேன்.

மார்ச் 12, புதன்

தலையணை உறை ஒன்றைத் தீய்த்துவிட்டேன். கண் அவன் வண்டி மேல், கை இஸ்திரி மேல். சூப்பர்வைசர் அம்மா மோந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். எனக்கா? எனக்கு ஒன்றும் ஆகவில்லையே அம்மா. அதுதானே பிரச்சினை.

மார்ச் 13, வியாழன்

காலையில் இஸ்திரி மேசைக்கு வந்தான். இரண்டு மூட்டையை என் காலடியில் போட்டு, சீட்டை நீட்டினான்.

"படி."

பாப்போம் என்று சொல்லவில்லை.

படித்தேன். மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. வண்டியில் ஏற்றினான். நாள் முழுக்க இப்படியே. சாயங்காலம் அவனாகவே சூப்பர்வைசர் அம்மாவின் அறைக்குள் போனான். நான் வெளியே நின்று, மடித்த துண்டையே மறுபடி மறுபடி மடித்தேன். வந்தான். "லீவு எடுத்துக்கிட்டு சரி பண்ணிட்டு வரச் சொல்லிட்டாங்க. நீ வர்றியா?"

இதையெல்லாம் கேட்க வேண்டுமா?

மார்ச் 20, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. கண்புரைதானாம். அண்ணனுக்கு இருந்தது வேறு வியாதி, இது எடுத்துவிடலாம் என்று டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். கொக்கி நாற்காலியின் கையை விடவே இல்லை.

சுவரில் ஓர் எழுத்து அட்டை. மேலே பெரியது, கீழே போகப் போகப் பொடி. மேல் வரியைப் படிக்கச் சொன்னார்கள். கொக்கி விழித்தான். எனக்குப் பொறுக்கவில்லை, படித்துவிட்டேன். "நீங்க இல்லீங்க, அவர்" என்றார் டாக்டர். சரி என்றேன். அடுத்த வரியையும் படித்துவிட்டேன். பழக்கம். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

வெளியே 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்தது. அதையும் படித்தேன், வாய்க்குள்.

ஏப்ரல் 2, புதன்

முதல் கண் ஆயிற்று. கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "என்னய்யா இவ்வளவு கிழவனாயிட்ட?" என்றான்.

ஏப்ரல் 26, சனி, காலை

நேற்று மறுபடி அதே பார், அதே ஆட்கள். ஆபரேஷன் இரண்டும் முடிந்து, கொக்கிக்குப் புதுக் கண்ணாடி. தொல்லை தாங்கவில்லை. தூரத்தில் போகிற படகின் பெயரைக்கூடப் படிக்கிறான்.

பரிமாறுகிற பெண் வந்ததும் எனக்கு முந்திக்கொண்டான். "அந்த சோப்பு பீர் இருக்குல்ல, அது ஒண்ணு கொடும்மா. பெரிய கிளாஸ்."

அந்தப் பெண் விழித்தாள். "அப்படி எதுவும் இல்லீங்களே."

"போன தடவை இருந்துச்சே. இவர்தான் படிச்சார்." அட்டையை வாங்கி மேலிருந்து கீழே படித்தான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். மறுபடி முன்பக்கம். பிறகு அவன் விரல் நடுவில் ஓரிடத்தில் நின்றது. எலுமிச்சைத் தோல்.

நான் கடலைப் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலாக என்னையே அவன் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. காதுக்குப் பக்கத்தில் இல்லை, நேராக முகத்தை.

கடைசியில் அட்டையை அந்தப் பெண்ணிடம் கொடுத்தான். "எலுமிச்சைத் தோல்" என்றான். என்னிடம் திரும்பி, இடது கண்ணைச் சிமிட்டினான்.

"இவருக்கும் அதே."