இடது பக்கப் பல்தடம்

அன்புத் தங்கை சின்னுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதை இந்த முறை கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன். முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதை எழுதக் கை வரவில்லை.

அப்பா போன பிறகு, அவர் பொருள்களில் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் புகைபிடித்த பைப் மட்டும் போதும் என்றாய். வியாழக்கிழமை உன் அடுத்த கடிதம் வந்தது. “துடைக்காம அப்படியே அனுப்புண்ணா, அப்பா வாசனை அதுலதான் இருக்கும்” என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது பைப் என் மேசை மேல் புத்தம் புதுசாக மின்னிக்கொண்டிருந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

என் கிறுக்குத்தனம் உனக்குத் தெரியும். இங்கிலாந்தில் செய்த பழைய பைப்புகள் நாற்பத்திரண்டு வைத்திருக்கிறேன், ஒன்றையும் பற்றவைத்ததில்லை. நீச்சல் தெரியாத மனுஷன் நாற்பத்திரண்டு படகு வாங்கி நிறுத்தியிருக்கிறார் என்று உன் அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். எனக்குப் புகை வேண்டாம். பிரையர் வேர்க்கட்டையில் ஓடும் ரேகையும், யார் செய்தது என்று காம்பில் குத்தியிருக்கும் சின்ன முத்திரையும் போதும். என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் லென்ஸை வைத்து அந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவின் பைப்பை மட்டும் அவர் இருந்தவரை தொட்டதில்லை. கேட்டால், “இது உன் அலமாரிக்கு இல்லடா” என்பார். அவர் மேலதிகாரி ஓய்வு பெற்றபோது கொடுத்தது என்பதைத் தவிர எதுவும் தெரியாது. முத்திரை முழுக்க அழுக்கு ஏறியிருந்தது. உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அதைச் செய்தவர் பெயரையாவது கண்டுபிடித்து எழுதலாம் என்று ஆரம்பித்தேன். ஆசை யாரை விட்டது?

புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் உள்ளே படிந்திருந்த கரியைச் சுரண்டி எடுத்தேன். உப்பை நிரப்பி ஸ்பிரிட் ஊற்றி ஒரு நாள் வைத்தேன். பழைய புகையிலை நாற்றத்தை உப்பு இழுத்துக்கொள்ளும். நாற்றம் என்றுதான் பைப் சேர்க்கிற எங்கள் வட்டத்தில் சொல்வோம். வாயில் வைக்கும் கறுப்பு ரப்பர்த் தண்டு பழுப்பேறிக் கிடந்தது. அதைத் தேய்த்துக் கறுப்பாக்கினேன். பல்தடங்கள் மேல் மெழுகுவத்திச் சுடரை லேசாகக் காட்டினால் குழிகள் தானாக மேலெழும்பி சமமாகிவிடும். எல்லாம் எழும்பின, இடது பக்கம் இருந்த ஒன்றைத் தவிர. அது அவ்வளவு ஆழம். அதைக் கரிப்பொடி கலந்த பசையால் அடைத்து, காய்ந்ததும் உரசிச் சமமாக்கினேன்.

முத்திரை தேயக் கூடாது என்று அதன் மேல் மட்டும் டேப் ஒட்டிவைத்தேன். முன்பு வக்கீல் நண்பர் ஒருவர் மெருகு போடுகிறேன் என்று ஒரு பழைய பைப்பின் முத்திரையை அழித்துவிட்டார் என்பதற்காக அவரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவன் நான். செய்தவர்கள் பெயர் கிடைத்துவிட்டது, சின்னு. இரண்டு சகோதரர்கள் நடத்திய சின்னப் பட்டறை. முன்பின் தெரியாத அந்த இரண்டு பேரை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றிவிட்டு, அப்பாவைத் துடைத்துத் தள்ளிவிட்டேன்.

வாசனை போய்விட்டது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நூறு தடவை முகர்ந்து பார்த்தேன், ஸ்பிரிட் வாடைதான் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது பதினோரு வருஷத்துத் தப்பு. உனக்குப் பிடித்தவரோடு நீ புறப்பட்ட அன்று, அப்பா முன்னறை நாற்காலியில் பைப்பைக் கடித்தபடி பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, “ஏதாவது சொல்லுங்கப்பா” என்று கேட்டாய். அவர் நிமிரவில்லை. அந்த மௌனத்தைத்தான் இத்தனை வருஷமாக நீ சுமக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

நான் அவருக்கு இடது பக்கம், புத்தக அலமாரியை ஒட்டி நின்றிருந்தேன். பைப்பில் புகையிலை இல்லை. பேப்பர் தலைகீழாக இருந்தது. தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. நீ கேட்டதும் ரப்பர் நெரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவார், சின்னு, அதனால் கடித்துக்கொண்டார். கார் சத்தம் ஓய்ந்ததும், “தெருமுனை திரும்பியாச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பைப்பை எடுத்தபோது உதட்டில் ரத்தம் இருந்தது. “அவகிட்ட சொல்லாதே” என்றார். நானும் நல்ல பிள்ளையாகச் சொல்லாமலே இருந்துவிட்டேன். உன் ஒவ்வொரு கடிதத்திலும் அப்பா கோபம் குறைந்ததா என்று கேட்டாய். நானும் ஒவ்வொரு முறையும் உடம்பு பரவாயில்லை என்று எழுதினேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நான் அடைத்தது அந்தத் தடத்தைத்தான். அடைக்கும்போது அது எனக்கு நினைவுக்கே வரவில்லை. வெறும் பழுதாகத்தான் கண்ணில் பட்டது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எல்லாம் திரும்பி வந்தது.

மூன்று நாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, ஊசி முனையால் பசையைத் துளித்துளியாகப் பெயர்த்தேன். உன் அண்ணி பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு கேலி கூடச் செய்யவில்லை. பசை முழுக்க வந்துவிட்டது. தடம் அப்படியே இருக்கிறது.

பைப்பை இத்துடன் அனுப்புகிறேன். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், தாராளமாகத் திட்டி எழுது. ஆனால் பெட்டியைத் திறந்ததும் தண்டின் இடது பக்கம் உன் கட்டைவிரலை வைத்துப் பார். அன்று வாசலில் நீ கேட்டதற்கு அப்பா சொன்ன பதில் அதுதான்.

நீ எப்படி இருக்கிறாயம்மா? ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அண்ணன்